சுவர் கணக்குச் சொல்லத் தொடங்கிய கதை

கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதற்கு எத்தனை செங்கல், எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை சதுர மீட்டர் பூச்சு என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். கூட்டிச் சொன்னால் பணம் போடுகிறவரின் கையைச் சுடும். குறைத்துச் சொன்னால் காண்ட்ராக்டர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவார். இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய அந்த ஒருவர்தான் குவான்டிட்டி சர்வேயர், சைட்டில் ‘கியூஎஸ்’. இன்று சென்னையில் ஒரு பெண் கியூஎஸ், கணினித் திரையில் முப்பரிமாணக் கட்டடத்தைத் திறந்து ஒரு சுவரைத் தொட்டால் போதும். அதன் நீளம், உயரம், கனம், பரப்பு எல்லாம் பக்கத்தில் வந்து விழும். சுவர் இப்படித் தன் கணக்கைத் தானே சொல்லப் பழகியது ஒரு நாளில் நடந்ததல்ல.

1666-ல் லண்டன் எரிந்து, நகரத்தையே திரும்பக் கட்ட வேண்டி வந்தது. எரிந்த தேவாலயங்களைக் கட்டிக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் ரென், 1681-ல் ஆக்ஸ்ஃபோர்டின் டாம் டவர் வேலை தொடர்பாக பிஷப் ஃபெல்லுக்கு எழுதிய கடிதத்தில், வேலை வாங்க மூன்று வழிகளைச் சொல்கிறார்: நாள் கூலி, அளந்து கூலி, மொத்தமாகப் பேசிவிடுவது. நம் ஊர்க் கொத்தனாரிடம் கேட்டாலும் இந்த மூன்றைத்தான் சொல்வார். ரென் அளவுக் கூலியின் பக்கம் நின்றார். அப்போதெல்லாம் சுவர் எழுந்த பிறகுதான் அளவுகாரர் வருவார். கொத்தனார் தரப்பில் ஒருவர், கட்டடச் சொந்தக்காரர் தரப்பில் ஒருவர் என்று வந்தால் சண்டையும் கூடவே வரும்.

19-ஆம் நூற்றாண்டில் டெண்டர் முறை பரவியதும் நிலைமை தலைகீழானது. எழாத சுவரை முன்கூட்டியே எண்ணியாக வேண்டும். பத்துப் பேர் போட்டியிட்டால் பத்துப் பேரும் தனித்தனியே வரைபடத்தை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். வேலை கிடைப்பதோ ஒருவருக்கு. ஆகவே காண்ட்ராக்டர்கள் சேர்ந்து ஒரே அளவுகாரரை அமர்த்தி, அவர் தரும் பட்டியலின் மேல் அவரவர் ரேட்டைப் போடத் தொடங்கினார்கள். அளவுகாரர் கூலியை வேலை கிடைத்தவர் தன் தொகையில் சேர்த்துவிடுவார். எப்படியும் நம் பணம்தானே போகிறது என்று கட்டடச் சொந்தக்காரர்கள் விழித்துக்கொண்டு, தாங்களே அவரை அமர்த்தினார்கள். இன்று நாம் பிஓக்யூ என்று சொல்லும் அளவுப் பட்டியல் இப்படித்தான் நிலைபெற்றது. 1834-ல் எரிந்துபோன பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைத் திரும்பக் கட்ட, சார்லஸ் பேரியின் வரைபடத்துக்கு மதிப்பீடு போட்டவர் ஹென்றி ஹன்ட் என்ற சர்வேயர். ஏறத்தாழ 7.25 லட்சம் பவுண்டு என்று தொடங்கிய வேலை 20 லட்சத்தையும் தாண்டியது.

பட்டியல் வந்தாலும் பொது விதி இல்லை. ஜன்னல் ஓட்டையைக் கழிப்பதா வேண்டாமா என்பதை அலுவலகத்துக்கு அலுவலகம் தங்கள் வழக்கப்படி முடிவு செய்தார்கள். இதற்கு முற்றுப்புள்ளி வைக்க, கட்டட வேலைகளை அளப்பதற்கான பொது முறைநூலின் முதல் பதிப்பு 1922-ல் பிரிட்டனில் வெளிவந்தது. அதே 1922-ல்தான் ஐரீன் பார்க்ளே அந்நாட்டின் முதல் பெண் சார்ட்டர்டு சர்வேயராகத் தகுதி பெற்றார். பெண் என்பதற்காகத் தொழிலில் தடுக்கக் கூடாது என்று 1919-ல் வந்த சட்டம் அந்தக் கதவைத் திறந்திருந்தது. பார்க்ளே பட்டியல் போடுகிறவர் அல்ல. லண்டனின் குடிசைப் பகுதிகளில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்தவர். ஆனால் சர்வேயர் கையெழுத்து பெண்ணுடையதாகவும் இருக்கலாம் என்பது அவரிலிருந்து தொடங்குகிறது.

அந்தக் காலத்து அளவுத் தாளைப் பார்த்தால் வேலையின் பாரம் புரியும். முதல் பத்தியில் எத்தனை மடங்கு, இரண்டாவதில் நீளம் அகலம் உயரம், மூன்றாவதில் பெருக்கிய விடை, நான்காவதில் வேலையின் விவரம். அனுபவசாலி வரைபடத்திலிருந்து அளவை எடுத்துக் கொடுப்பார். இன்னொருவர் பெருக்குவார், வேறொருவர் சரிபார்ப்பார். பிறகு ஒரே ரக வேலைகளை ஒன்றாகத் திரட்ட வேண்டும். ஒரு வரியை இரண்டு முறை எடுத்துவிடாமலிருக்க, எடுத்த வரியின் மேல் கோடு கிழிப்பார்கள். பெருக்கவும் கூட்டவும் காம்ப்டோமீட்டர் என்ற விசை எந்திரம் வந்தபோது, அலுவலகங்களில் அதன் முன் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எண்ணை வாங்கி விடையைத் தருவதோடு அவர்கள் பங்கு முடிந்தது.

1975-ல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த சக் ஈஸ்ட்மன், வேரிலேயே கை வைத்தார். ஒரே சுவரைத் தளப்படத்தில் ஒரு முறை, குறுக்குவெட்டில் ஒரு முறை, முகப்பில் ஒரு முறை வரைகிறோம். ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். அதற்குப் பதில் சுவரையே வடிவம், இடம், பொருள் எல்லாவற்றோடும் கணினியில் வைத்துவிட்டால், படமும் அதிலிருந்தே வரும், பொருள் கணக்கும் அதிலிருந்தே வரும் என்றார். அதை மேசைக் கணினியில் ஓட்டும் வசதி அன்று யாரிடமும் இல்லை. 1979-ல் விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் வந்ததும் கூட்டல் பெருக்கல் மட்டும் கணினிக்கு மாறியது. 1980-களில் ஹங்கேரியிலிருந்து ஆர்க்கிகேட், 2000-ல் அமெரிக்காவிலிருந்து ரெவிட் என்ற மென்பொருள்களாக ஈஸ்ட்மன் சொன்னது மெல்ல மேசைக்கு வந்தது. இன்று அதற்குப் பெயர் பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங், சுருக்கமாக பிம்.

சுவர் சொல்லும் கணக்கை அப்படியே பில்லில் ஏற்ற முடியுமா? முடியாது. 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், இரு பக்கமும் ஒரே பூச்சு உள்ள சுவரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 30 சதுர மீட்டர். அதில் 1.5-க்கு 1.2 மீட்டர் ஜன்னல், அதாவது 1.8 சதுர மீட்டர் ஓட்டை. மென்பொருள் இரு முகத்திலும் கழித்து 26.4 என்று காட்டும். இந்தியத் தர விதி ஐஎஸ் 1200-ன் 12-ஆம் பாகமோ இந்த அளவு ஜன்னலுக்கு ஒரு முகத்தை மட்டும் கழிக்கச் சொல்கிறது, ஆகவே 28.2. ஜன்னல் ஓரங்களைப் பூசும் சிரமத்தைத் தனியே அளக்காமல் இந்தச் சலுகையில் ஈடுகட்டிவிடுகிறார்கள். இப்படி 200 ஜன்னல் உள்ள அடுக்குமாடியில் வித்தியாசம் 360 சதுர மீட்டர். திரை காட்டிய எண்ணை நம்பி டெண்டர் விட்டால், முதல் பில்லிலேயே பஞ்சாயத்துதான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. வரைந்தவர் அவசரத்தில் சுவரைத் தூணுக்குள் நுழைத்து விட்டிருப்பார். படத்தில் அழகாகவே தெரியும். கணக்கில் மட்டும் அதே இடத்துக்குச் செங்கலும் இருக்கும், கான்கிரீட்டும் இருக்கும்.

ஆகவே நம் சென்னை கியூஎஸ் முதலில் மாடலை அலசி, தூணுக்குள் புகுந்த சுவர்களை வரைந்தவருக்கே திருப்பி அனுப்புகிறார். பிறகு விரிதாளில் விதியை எழுதுகிறார்: ஓட்டை 0.5 சதுர மீட்டர் வரையா, கழிக்காதே. 3 வரையா, ஒரு முகம் கழி. அதற்கும் மேலா, இரு முகமும் கழித்து ஓரங்களைக் கூட்டு. அதன் பிறகே எண்கள் பட்டியலில் ஏறுகின்றன. காம்ப்டோமீட்டர் பெண்ணுக்கு யாரோ தந்த எண்ணைப் பெருக்கும் வேலை. இவரோ எதை எண்ணலாம், எப்படி எண்ணலாம் என்று எந்திரத்துக்கு உத்தரவு எழுதுகிறார். காண்ட்ராக்டர் கேள்வி கேட்டால் எழுந்து பதில் சொல்ல வேண்டியவரும் இவர்தான்.