மீந்த இருவீச்சு எரிபொருள் கலவை

மீந்த இருவீச்சு எரிபொருள் கலவை என்பது இருவீச்சு எந்திரங்களுக்காகப் பெட்ரோலுடன் உயவு எண்ணெய் சேர்த்துத் தயாரிக்கப்பட்டு, வேலை முடிந்தபின் எஞ்சி நிற்கும் எரிபொருள் ஆகும். பேச்சுவழக்கில் இவ்வகை எந்திரம் டூ ஸ்ட்ரோக் என்றும், அதில் சேர்க்கப்படும் எண்ணெய் 2டி ஆயில் என்றும் வழங்கப்படுகின்றன. மீந்த கலவையை வேறோர் எந்திரத்தில் பயன்படுத்த இயலுமா என்பது கலவையின் விகிதம், அது கலக்கப்பட்ட நாள், ஏற்கும் எந்திரத்தின் உயவு முறை ஆகிய மூன்றையும் பொறுத்தது.

எண்ணெய் கலப்பதன் காரணம்

நான்கு வீச்சு எந்திரத்தின் அடிப்பகுதியில் உயவு எண்ணெய் தனியே தேக்கி வைக்கப்பட்டுச் சுழற்சியில் இருக்கும். சிறிய இருவீச்சு எந்திரங்களில் இவ்வமைப்பு இல்லை. காற்றும் எரிபொருளும் முதலில் வணரி அறைக்குள் சென்று, அங்கிருந்தே உருளைக்குள் தள்ளப்படுகின்றன. எனவே எரிபொருளோடு வரும் எண்ணெயே தாங்கிகளையும் பிஸ்டனையும் உயவிட்டு, பின்னர் எரிந்து புகையாக வெளியேறுகிறது. எண்ணெய் கலக்காத வெறும் பெட்ரோலில் இயக்கினால் பிஸ்டன் உருளையோடு உரசி இறுகிவிடும். மெக்கானிக்குகள் இதனை "சீஸ் ஆகிவிட்டது" என்பர்.

கலவை விகிதம்

எந்திர உற்பத்தியாளர் குறிப்பிடும் விகிதமே பின்பற்றத்தக்கது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சேர்க்க வேண்டிய எண்ணெயின் அளவு வருமாறு:

* 1:50 - 20 மி.லி.
* 1:40 - 25 மி.லி.
* 1:25 - 40 மி.லி.
* 1:20 - 50 மி.லி.

எண்ணெயைக் கூட்டினால் எந்திரத்திற்கு நல்லது என்னும் கருத்து முழுவதும் சரியன்று. மிகுதியான எண்ணெய் தீப்பொறிச் செருகியிலும் (பிளக்) புகைபோக்கியிலும் கரியாகப் படிகிறது, புகையும் மிகுகிறது. தில்லியில் இருவீச்சு வண்டிகளுக்கு முன்கூட்டியே கலந்த பெட்ரோலை மட்டுமே வழங்கவும், சில்லறையாக 2டி எண்ணெய் விற்பதை நிறுத்தவும் இந்திய உச்ச நீதிமன்றம் 1998இல் ஆணையிட்டதற்கு இப்புகையும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில்

ஓசூரில் தயாரிக்கப்பட்டு 1980இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட் தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் பரவலாகப் பயன்பட்டது. இருவீச்சு மொபெட் உள்ள வீட்டில் மீந்த கலவை ஒரு சிக்கலாக இருக்கவில்லை. விகிதம் பொருந்தினால் அதனை வண்டியின் தொட்டியில் ஊற்றிவிடலாம். 2015இல் நான்கு வீச்சு எக்ஸ்எல் 100 அறிமுகமானது. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய இருவீச்சு மொபெட்டுகள் விற்பனையில் இல்லை.

எனினும் வேளாண் கருவிகளில் இருவீச்சு எந்திரம் தொடர்கிறது. தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை, இலஞ்சி போன்ற நெல்வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஊர்களில் புல்வெட்டும் கருவி, விசைத்தெளிப்பான், மரம் அறுக்கும் சங்கிலி வாள் ஆகியன பயன்படுகின்றன. இவை ஆண்டு முழுவதும் ஓடுவன அல்ல. ஒரு தோப்பின் வேலை முடிந்ததும் கேனில் ஒன்றிரண்டு லிட்டர் மீந்து நிற்கும். அதனை உடனே ஊற்ற இருவீச்சு வண்டி வீட்டில் இல்லை.

பிற எந்திரங்களில் பயன்பாடு

வேறு இருவீச்சு எந்திரங்கள்: இதுவே முதன்மையான வழி. 1:25 கலவை ஒரு லிட்டருடன் ஒரு லிட்டர் வெறும் பெட்ரோல் சேர்த்தால் 1:50 கிடைக்கும். 1:50 கலவையை 1:25 ஆக்க லிட்டருக்கு மேலும் 20 மி.லி. எண்ணெய் சேர்க்க வேண்டும். விகிதம் தெரியாத கலவையை எண்ணெய் குறைவானதாகக் கருதுவதே பாதுகாப்பானது. மீனவர் வள்ளங்களின் வெளிப்பொருத்து எந்திரங்களில் பயன்படும் மண்ணெண்ணெய்க் கலவை இதிலிருந்து வேறுபட்டது; அதனைப் பெட்ரோல் எந்திரங்களில் ஊற்றலாகாது.

பழைய நான்கு வீச்சு எந்திரங்கள்: கார்புரேட்டர் உள்ள பழைய மோட்டார் சைக்கிள், பெட்ரோல் பம்புசெட்டு ஆகியவற்றில் வெறும் பெட்ரோலோடு மிகச் சிறிதளவே சேர்த்து எரிக்கலாம். 1:50 கலவை ஒரு லிட்டரை ஒன்பது லிட்டர் பெட்ரோலில் சேர்த்தால் எண்ணெய் ஏறத்தாழ 1:500 அளவாகக் குறையும். தொடர்ந்து இவ்வாறு செய்தால் செருகியிலும் வால்வுகளிலும் கரி படியும்.

புதிய நான்கு வீச்சு வண்டிகள்: எரிபொருள் உட்செலுத்தி, ஆக்சிஜன் உணரி, வினையூக்கி மாற்றி ஆகியவை உள்ள வண்டிகளில் ஊற்றுதல் கூடாது. எண்ணெயின் எரியாத எச்சம் இவற்றில் படிந்தால், மீந்த ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையைவிடப் பழுது நீக்கும் செலவு பன்மடங்காகும்.

டீசல் எந்திரங்கள்: எண்ணெய் கலந்திருப்பதால் டீசலுக்கு நிகராகிவிடும் என்று கருதுவது தவறு. கலவையின் பெரும்பகுதி பெட்ரோலே. டீசலால் உயவு பெறும் உட்செலுத்து பம்பு பெட்ரோலால் தேய்வுறும். தொட்டியில் இருப்பதும் எளிதில் தீப்பற்றும் திரவமாகிவிடும்.

அடுப்பும் விளக்கும்: மண்ணெண்ணெய் அடுப்பிலோ அரிக்கன் விளக்கிலோ ஒருபோதும் ஊற்றலாகாது. பெட்ரோல் ஆவி ஏறத்தாழ -40 பாகை செல்சியசிலேயே தீப்பற்றக்கூடியது. எண்ணெய் சேர்வதால் இவ்வியல்பு மாறுவதில்லை. அடுப்பு வெடித்து உயிரிழப்பு நேரலாம்.

கலவையின் ஆயுள்

கலந்த எரிபொருளை ஏறத்தாழ 30 நாட்களுக்குள் பயன்படுத்துமாறு கருவி உற்பத்தியாளர்கள் பலர் அறிவுறுத்துகின்றனர். நாட்பட்ட பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் கூறுகள் குறைந்து, பிசின் போன்ற படிவு உண்டாகிறது.

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீர் ஓர் அளவைக் கடந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தனி அடுக்காகத் தங்கும். அவ்வடுக்கில் எண்ணெய் கரைவதில்லை. தொட்டியின் அடியிலிருந்து எரிபொருளை எடுக்கும் எந்திரத்திற்கு அப்போது உயவே கிடைக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் விழும் குற்றாலம், தென்காசிப் பகுதியில் மூடி தளர்ந்த கேனுக்கு இவ்விடர் மிகுதி. கலங்கியோ இரு அடுக்காகவோ காணப்படும் கலவையைக் குலுக்கியோ, எண்ணெய் சேர்த்தோ பயன்படுத்தக் கூடாது.

சேமிப்பும் அகற்றலும்

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை உரிமம் இன்றி 30 லிட்டர் வரை வைத்திருக்கலாம். கலன் இறுக மூடப்பட்டதாக இருத்தல் வேண்டும். உலோகமெனில் 25 லிட்டருக்கும், கண்ணாடி அல்லது பீங்கானெனில் ஒரு லிட்டருக்கும் மிகலாகாது. குடிநீர் பாட்டில்களில் ஊற்றி வைத்தால் குழந்தைகள் அருந்திவிடும் ஆபத்து உண்டு. கலனின் மீது விகிதத்தையும் கலந்த நாளையும் எழுதி வைத்தல் நன்று.

கெட்டுப்போன கலவையை வாய்க்காலிலோ மண்ணிலோ கொட்டலாகாது. தென்காசி வட்டாரத்தில் சிற்றாற்றின் கால்வாய்கள் குளங்களுக்கும் வயல்களுக்கும் செல்வதால், ஓரிடத்தில் கொட்டிய எண்ணெய் பிறர் நீரிலும் பரவும். பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பணிமனைகளிடம், பெட்ரோல் கலந்தது என்று கூறி ஒப்படைக்கலாம். அன்றைய வேலைக்குத் தேவையான அளவை மட்டும் கலப்பதே கலவை மீந்துபோவதைத் தவிர்க்கும் எளிய வழியாகும்.

இவற்றையும் பார்க்க

* இருவீச்சு எந்திரம்
* உயவு எண்ணெய்
* எத்தனால் எரிபொருள்
* மொபெட்