சோனகர் யார்? இரு கட்டுரைகளின் வாதமுறை

பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த சோனகர் இனவியல் பற்றிய கட்டுரையும், அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதி 1907இல் சோனகர் சங்கம் வெளியிட்ட மறுப்பும் நமது சமூக வரலாற்றைப் பேசுவோர் தவறாது குறிப்பிடுபவை. இருவரில் யார் சொன்னது சரி என்பதே இதுவரை பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. அவர்கள் எவ்வாறு வாதிட்டார்கள், யாரை நோக்கி வாதிட்டார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பனவும் ஆராயத்தக்கவை.

இராமநாதன் அப்போது சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதி. முஸ்லிம்களுக்கென அச்சபையில் தனி உறுப்பினர் இருக்கவில்லை. கட்டுரை வாசிக்கப்பட்ட மறு ஆண்டில், 1889இல், எம்.சி. அப்துல் றஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். தலைப்பு அறிவியலைப் பேசினாலும் அது எழுந்த காலம் அரசியலுக்குரியது என்பதை மனதிற்கொண்டே அதனைப் படிக்க வேண்டும்.

அவரது வாதத்தின் பலம் சான்றுகளைவிட அளவுகோலிலேயே தங்கியுள்ளது. மொழி, சமூக வழக்கங்கள், உடற்றோற்றம், வரலாறு ஆகியவற்றை அவர் எடுத்துக்கொள்கிறார். சோனகர் வீட்டில் பேசுவது தமிழ். திருமணச் சடங்குகளிலும் தமிழருடையவற்றை ஒத்தவை பல உள்ளன. எனவே அவர்கள் இனத்தால் தமிழர் என முடிக்கிறார். இந்த அளவுகோலில் மார்க்கத்துக்கு இடமில்லை. ஆனால் சோனகரின் விவாகமும் வாரிசுரிமையும் தனிச்சட்டத்துக்கு உட்பட்டவை என்பதை 1806ஆம் ஆண்டின் முகம்மதியச் சட்டக்கோவை மூலம் ஆங்கில அரசே ஏற்றிருந்தது. சட்டத்தரணியான இராமநாதன் இதனை அறியாதவரல்லர். அளவுகோலைத் தெரிவு செய்தபோதே விடையும் தெரிவாகிவிட்டது எனலாம்.

ஒருவரை நம்மவர் என அழைப்பது அன்பாகவும் இருக்கலாம், அவருக்காகப் பேசும் உரிமையைத் தனதாக்கிக்கொள்வதாகவும் இருக்கலாம். எது என்பதை இடர் வரும் காலமே காட்டும். 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரத்தில் சோனகரின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதன்பின் இராமநாதன் வாதாடியது கைதான சிங்களத் தலைவர்களுக்காகவே. இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை அவர் கண்டித்தது நியாயமே. ஆயினும் 1888இல் பேசப்பட்ட இன உறவு, பாதிக்கப்பட்ட சோனகரின் பக்கம் அவரைக் கொண்டுவரவில்லை.

அப்துல் அஸீஸின் மறுப்பு நுட்பமானது. மொழி ஒன்றே இனத்தைத் தீர்மானிப்பதில்லை என்ற அவரது எதிர்வாதம் இன்றும் வலுவானது. ஆனால் எதிராளி கேட்ட கேள்வியை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். “உங்கள் மூலம் எது?” என்ற வினாவுக்கு, அறபு நாட்டிலிருந்து வந்த ஹாஷிம் குலத்தவர் பற்றி அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன் 1827இல் பதிந்த மரபை முன்வைத்தார். தனிப் பிரதிநிதித்துவம் பெறுவதற்குத் தனி மூலம் வேண்டும் என்ற நிபந்தனை இதனால் இருதரப்புக்கும் பொதுவாகியது. மேலும் அவரது வாதம் தந்தைவழியிலேயே செல்கிறது. கப்பலில் வந்த வணிகர் இதன் நாயகர். அவர்கள் மணந்த இந்நாட்டுப் பெண்கள் வரலாற்றின் ஓரத்தில் நிற்கிறார்கள்.

கிழக்கிலிருந்து நோக்கும்போது இக்குறை தெளிவாகப் புலப்படும். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை நமது ஊர்களில் குடி என்பது தாய்வழியாக வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடி. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்த மரபும் இதன் மீதே எழுந்தது. வீடு மகளுக்குச் சேரும், மாப்பிள்ளை அங்கு குடிபுகுவார். அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களிலும் இத்தகைய குடிமுறை உண்டு. அது இராமநாதனின் கட்சிக்கு உதவும் என்பார் உளர். ஆனால் ஒரே குடிமுறையைக் கைக்கொண்டபடியே இரு சமூகங்களும் தனித்தனியாக வாழ்ந்துள்ளன என்பதே அது காட்டும் உண்மை. சம்மாந்துறையின் வேளாண்மைக்காரரோ மருதமுனையின் நெசவாளரோ இவ்விருவரது வாதத்திலும் மையமாக இல்லை. கொழும்பிலும் பேருவளையிலும் வாழ்ந்த வணிகரே சோனகர் என்ற பெயருக்கு முகமாயினர்.

இரு கட்டுரைகளும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை என்பதும் கவனத்துக்குரியது. இரண்டும் ஆட்சியாளரின் தீர்ப்பை வேண்டி நின்றன. சித்திலெவ்வை 1882இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ இதற்கு மாறாகச் சமூகத்தையே அதன் மொழியில் விளித்தது. கல்வி பற்றி அவர் எழுதியவற்றுக்கு வாசகன் தன் மூலத்தை நிரூபிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இவை பழங்கதைகள் அல்ல. கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினை 2019இல் உண்ணாவிரதம் வரை சென்றபோது, இரு சமூகத்தாரிடையேயும் ‘முதலில் வந்தவர் யார்’ என்ற பேச்சு மீண்டும் எழுந்தது. எல்லையும் வளப்பங்கீடும் நிருவாக வசதியும் பற்றிய கேள்விகள் அதன் நிழலில் மறைந்தன. 1888இன் வினா வேறு உடையில் வந்திருக்கிறது. பத்திரிகைப் பத்தி ஒன்று நம்மைப் பற்றிப் பேசும்போது, அதன் முடிவோடு சண்டையிடுமுன் அது எந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறது, யாருடைய தீர்ப்பை வேண்டுகிறது எனக் கேட்பது நல்லது. நம்மவர் எழுதும் பத்திகளிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

உயர்தர வகுப்பு மாணவரிடம் இவ்விரு கட்டுரைகளையும் தமிழில் ஒருங்கே கொடுத்துப் படிக்கச் செய்யலாம். கூடவே, தமது உம்மும்மாவிடம் குடியின் வரலாற்றைக் கேட்டு எழுதிவரவும் சொல்லலாம். இராமநாதனும் அஸீஸும் கேளாத சாட்சி அவர்களிடமே உள்ளது. நினைவோடு இருக்கும் மூத்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துவருவதால் இதனைத் தள்ளிப்போட முடியாது.