சிங்கப்பூரில் கான்கிரீட் கட்டுமானம்

சிமெண்ட், மணல், கருங்கல் ஜல்லி, தண்ணீர் நான்கையும் கலந்து, இரும்புக் கம்பிக் கூட்டைச் சுற்றி வார்த்துக் கட்டடம் எழுப்பும் முறை சிங்கப்பூரில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேரூன்றியது. இன்று அந்நாட்டில் வசிப்போரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய கான்கிரீட் அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கலவைக்கு வேண்டிய எதுவும் தீவில் போதிய அளவு கிடையாது. சிமெண்டும் மணலும் ஜல்லியும் கப்பலில் வருகின்றன. தண்ணீரில் ஒரு பகுதிகூட ஜொகூரிலிருந்து குழாயில் வருவதுதான். கலக்கும் கைகளும் பெரும்பாலும் வெளிநாட்டுக் கைகளே. சிங்கப்பூர்க் கான்கிரீட்டின் வரலாற்றைப் பொறியியல் வரலாறாக மட்டும் படித்தால் பாதிக் கதை விட்டுப்போகும்.

சுண்ணாம்புக் காலம்

கான்கிரீட்டுக்கு முன் இங்கே ஆட்சி செய்தவை செங்கல்லும் சுண்ணாம்பும். 1819இல் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை 1827இல் நிறுவியவரும் அவரே. பின்னர் சிராங்கூன் சாலைப் பக்கம் செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் பெருகின. அங்கே குடியேறிய தமிழர்கள் அந்த வட்டாரத்தைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றார்கள். மலாய்ச் சொல்லான கம்போங் தமிழ் வாயில் கம்பமாகிவிட்டது. இன்று வீரமாகாளியம்மன் ஆலயம் எனப்படுவதை ஒரு காலத்தில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றுதான் சொன்னார்கள். அந்த வட்டாரத்துக்கு லிட்டில் இந்தியா என்ற பெயர் பிற்பாடு வந்தது. தொழிலால் வந்த பெயரே மூத்தது.

அரசாங்கக் கட்டடங்களை எழுப்பியவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1825இல் பென்கூலனிலிருந்து முதல் கூட்டம் வந்தது. அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக இந்த ஏற்பாடு நீடித்தது. கல் உடைப்பது, செங்கல் அறுத்துச் சுடுவது, சுண்ணாம்பு அரைப்பது எல்லாம் அவர்கள் வேலை. 1862இல் அருட்பொழிவு செய்யப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்ப் பூச்சுக்கு அவர்கள் பயன்படுத்திய கலவை ‘மெட்ராஸ் சுனாம்’ எனப்பட்டது. மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, கரிய சர்க்கரை ஆகியவற்றோடு தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரையும் ஊற்றி அரைத்து, பூசிக் காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்குவம் புதிதல்ல. கைதிகளின் உழைப்பைக் கண்காணித்த மேஜர் மெக்நாயர் பின்னாளில் நூலாக எழுதியதால் அது ஏட்டில் ஏறியது. அரைத்தவர்களின் பெயர் எதுவும் ஏறவில்லை.

கம்பியும் கலவையும்

சிங்கப்பூர் ஆற்றின் மீதுள்ள மூன்று பாலங்களைப் பார்த்தாலே பொருள் மாறிய காலம் தெரியும். 1869இன் கேவனா பாலமும் 1910இன் ஆண்டர்சன் பாலமும் இரும்பும் எஃகும். 1929இல் திறந்த எல்ஜின் பாலமோ கான்கிரீட் வளைவுகளால் ஆனது. நான்கே ஆண்டுகளில் கிளிஃபர்ட் துறை வந்தது. தூணே குறுக்கிடாத அகன்ற கூடத்தைக் கான்கிரீட் வளைவுச் சட்டங்கள் தாங்கின. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் கால் வைத்தது அந்தக் கூரையின் கீழ்தான்.

1939இல் எழுந்த கேத்தே கட்டடம் 80 மீட்டருக்கு மேல் உயர்ந்து, அன்றைக்குத் தென்கிழக்காசியாவிலேயே உயரமானதாக நின்றது. குளிர்சாதன வசதி கொண்ட திரையரங்கும் அதில் இருந்தது. அதே ஆண்டு திறந்த உச்ச நீதிமன்றம் வேறு வகை. பார்த்தால் கல் மாளிகை. அதன் கொரிந்தியத் தூண்களின் மேனியோ இத்தாலியச் சிற்பி ருடால்ஃபோ நோலியின் பட்டறையில் வார்த்த செயற்கைக் கல். அந்தக் காலத்துக் கான்கிரீட்டுக்குத் தன் முகத்தைக் காட்டும் துணிச்சல் இன்னும் வரவில்லை.

அழகுக் கட்டடங்களைவிட நகரத்தை மாற்றியது மண்ணுக்குள் போன கான்கிரீட் என்றுகூடச் சொல்லலாம். அப்பர் புக்கிட் தீமா சாலையோரத்தில் ஹியூம் நிறுவனத்தின் ஆலை கான்கிரீட் குழாய்களை வார்த்துத் தள்ளியது. ஆலை போய்விட்டது, ஹியூம் என்ற பெயர் ஒரு சாலைக்கும், 2025 பிப்ரவரியில் திறந்த ஓர் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கும் நிலைத்துவிட்டது. சாக்கடைக் குழாய்க்குக் கிடைத்த கௌரவம்.

வீவகவின் காலம்

1960 பிப்ரவரியில் தொடங்கிய வீவக, அந்த ஆண்டே குவீன்ஸ்டவுனின் ஸ்டிர்லிங் சாலையில் ஏழு மாடி புளோக்குகளைக் கட்டி முடித்தது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பத்தை எரித்த தீ, அத்தாப்பு ஓலையும் மரப்பலகையும் இனி ஆகாது என்ற வாதத்துக்குப் பெரும் வலுச் சேர்த்தது. முதல் ஐந்தாண்டில் 50,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. ஒரே மாதிரியான புளோக், ஒரே மாதிரியான சென்ட்ரிங் பலகை, திரும்பத் திரும்ப அதே வார்ப்பு: அவசரத்தில் பிறந்த எளிமை அது. அழகில்லை என்று பின்னால் குறை சொன்னவர்கள் பலரும் அதே புளோக்குகளில் பிறந்து வளர்ந்தவர்கள்தாம். கீழ்த்தளத்தைச் சுவர் எழுப்பாமல் தூண்களோடு காலியாக விட்டது மட்டும் உண்மையிலேயே நல்ல யோசனை. கல்யாணமும் கருமாதியும் அங்கேதான் நடந்தேறின.

லிட்டில் இந்தியாவுக்குள் இந்த அலை 1970களின் பிற்பகுதியிலும் 80களின் தொடக்கத்திலும் நுழைந்தது. 1915இல் கட்டிய பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை போய், எதிர்ப்புறத்தில் 1982இல் ஜூஜியாவ் நிலையம் வந்தது. சீனப் பின்யின் முறையில் வைத்த அந்தப் பெயரை வாங்குவோரும் விற்போரும் ஏற்கவே இல்லை. 2000இல் தேக்கா நிலையம் என்று மாற்றினார்கள்.

முகம் காட்டிய கான்கிரீட்

1970களில் கான்கிரீட் பூச்சை உதறியது. 1973இல் பீச் சாலையில் எழுந்த கோல்டன் மைல் வளாகம் படிப்படியாகச் சரிந்து ஏறும் 16 மாடி. கடையும் அலுவலகமும் கீழே, வீடு மேலே. ஒரே கூரையடியில் ஒரு சிறு நகரம். சைனாடவுனின் பீப்பிள்ஸ் பார்க் வளாகமும் கோல்டன் மைலை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர் குழுவின் கற்பனை. 1976இல் முடிந்த பெர்ல் பேங்க் குடியிருப்பு குதிரைலாட வடிவில் 38 மாடி. ஜூரோங் நகர மண்டபம் (1974), 55,000 பேர் அமரக்கூடிய தேசிய விளையாட்டரங்கம் (1973) ஆகியவையும் இக்காலத்தவை. புதிதாகத் தனிநாடான ஊர் தன் தோள்வலிமையைக் காட்ட விரும்பியதுபோல எல்லாமே கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தன.

வணிகக் கட்டடங்களில் பொறியியல் சுவாரசியம் மிகுந்தது ஐ. எம். பெய் வடிவமைத்த ஓசிபிசி நிலையம் (1976, 52 மாடி). இரு ஓரங்களிலும் அரைவட்டக் கான்கிரீட் தூண்கோபுரங்களை முதலில் எழுப்பினார்கள். அவற்றுக்கிடையே மூன்று மட்டங்களில் பெருஞ்சட்டங்களைப் பூட்டி, ஒவ்வொரு சட்டத்தின்மேலும் ஒரு மாடிக் கொத்தைக் கட்டினார்கள். கீழ்மாடி முடியட்டும் என்று மேல்மாடி காத்திருக்க வேண்டியதில்லை. ஊர் அதற்கு வைத்த பெயர் ‘கால்குலேட்டர்’.

இதே பத்தாண்டில் பிறந்த மெர்லயன் சிலையும் (1972) சிமெண்ட் வார்ப்புதான். சிற்பி லிம் நாங் செங் செய்த அந்த 8.6 மீட்டர் உருவத்தின் எடை 70 டன். கண்கள் மட்டும் சிவப்புத் தேநீர்க் கிண்ணங்கள்.

சிராங்கூன் சாலை, 1986 மார்ச் 15

காலை 11:30 மணிக்குச் சற்று முன், சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையில் இருந்த லியான் யாக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. ஆறு மாடி, அடியில் வாகன நிறுத்துமிடம், தரைத்தளத்தில் வங்கி, மேலே ஹோட்டல் நியூ வோர்ல்ட். 33 பேர் மாண்டார்கள். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டார்கள். அப்போது எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு வல்லுநர்கள் ஓடிவந்து, இடிபாட்டுக்கு அடியில் பொந்து குடைந்து ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள்.

முதலில் வெடிகுண்டோ எரிவாயுக் கசிவோ என்றுதான் சந்தேகித்தார்கள். விசாரணை ஆணையம் கண்டறிந்த காரணம் அதைவிட அதிர்ச்சியானது. 1971இல் முடிந்த அந்தக் கட்டடத்துக்குக் கணக்குப் போட்டபோது, மனிதர்கள், சாமான்கள் போன்ற ஏறும் பாரத்தை மட்டும் சேர்த்து, கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை. அந்த எடை எவ்வளவு என்பதை எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். கம்பி கட்டிய கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.4 டன். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றின் ஆறு அங்குலத் தளமே மூன்று டன்னைத் தாண்டிவிடும். அறையில் ஒரு குடும்பமே நின்று ஆடினாலும் அதன் எடை இதில் ஒரு சிறு பங்குதான். அதாவது அந்தத் தூண்கள் முதல் நாளிலிருந்தே மூச்சுத் திணறியபடி நின்றிருந்தன. பிறகு வங்கியின் பெட்டக அறை, மொட்டைமாடிக் குளிரூட்டும் கருவி, வெளிச்சுவர் ஓடுகள் என்று பாரம் கூடிக்கொண்டே போனது. ஒரு தூண் கைவிட்டதும் அதன் சுமை அடுத்த தூணுக்குப் போனது. அதற்கும் தாங்க இடமில்லை. பதினைந்து ஆண்டு நின்றதே வியப்பு.

அந்தக் கணக்கை வேறொரு கண் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். 1989இன் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த இரண்டாம் கண்ணைக் கட்டாயமாக்கியது. பெரிய கட்டுமானங்களின் கணக்கை, வடிவமைத்தவரோடு தொடர்பில்லாத தகுதிபெற்ற பொறியாளர் ஒருவர் தனியே சரிபார்க்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் கட்டடங்களுக்கும் தவணை வந்தது: வணிகக் கட்டடம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, குடியிருப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்கு உட்பட வேண்டும். ஓசிபிசி நிலையத்தைவிட, சிங்கப்பூர்க் கான்கிரீட்டை ஆழமாக மாற்றியது சிராங்கூன் சாலையின் அந்த ஆறு மாடிதான். அந்த முனையில் இப்போது வேறொரு ஹோட்டல் நிற்கிறது. அன்றாடம் அதைக் கடப்போரில் பலர் அன்று பிறந்திராதவர்கள்.

மணல், ஜல்லி, ஆள்

ஜல்லிக்கு ஒரு காலத்தில் புக்கிட் தீமாவும் புலாவ் உபினும் போதுமானவை. 1924இல் திறந்த ஜொகூர் கடற்பாலத்தில் கொட்டிய கல்லும் அங்கிருந்து போனதே. உபினின் கடைசிக் கல்குவாரி 1999இல் மூடியது. குவாரிக் குழிகள் நீர் நிரம்பிப் பூங்காக்களாகி, படமெடுக்க வருவோரின் இடங்களாகிவிட்டன. சிமெண்ட் ஜூரோங் துறைமுகத்தில் இறங்கி, காற்றுக் குழாய் வழியே உயரமான கொள்கலன்களுக்கு ஏறுகிறது.

மணல்தான் அரசியல். மலேசியா 1997இல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2007 தொடக்கத்தில் இந்தோனேசியாவும் நிலமணலை நிறுத்தியது. கருங்கல் ஏற்றிய படகுகளும் மடக்கப்பட்டன. கான்கிரீட் விலை தாவியது. கட்டட, கட்டுமான ஆணையம் கையிருப்பு மணலைத் திறந்துவிட்டுச் சமாளித்தது. அதன்பின் வந்த பசுமைக் கட்டட விதிகளில், எவ்வளவு கான்கிரீட் செலவானது என்பதற்கே மதிப்பெண் உண்டு. பழைய கட்டடத்தை இடித்து நொறுக்கிய ஜல்லியும் புதிய வார்ப்பில் சேர்கிறது.

கட்டுமான வேலைக்கு வரும் ஆட்களில் கணிசமானோர் தமிழ்நாட்டவர். கம்பி கட்டுதல், சென்ட்ரிங், டைல்ஸ் ஒட்டுதல் என்று ஊரிலேயே ‘ஸ்கில் டெஸ்ட்’ எழுதித் தேறி வருகிறார்கள். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த அதே சிராங்கூன் சாலை வட்டாரத்தில், ஞாயிறு மாலைகளில் இவர்கள் கூடிக் கறிகாய் வாங்குகிறார்கள், ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள்.

வார்த்துக் கொண்டுவரும் காலம்

ஆள் செலவையும் தளத்துச் சத்தத்தையும் குறைக்க, பாகங்களைத் தொழிற்கூடத்தில் வார்த்து எடுத்துவந்து பூட்டும் முறையை வீவக 1960களிலேயே முயன்றது. அது கைகூடவில்லை. 1980களில்தான் வழக்கமானது. 2009இல் முடிந்த பினாக்கிள் அட் டக்ஸ்டனின் ஏழு 50 மாடி புளோக்குகள் அப்படி எழுந்தவை. 2019இல் கிளமென்டியில் முடிந்த கிளமென்ட் கேனோப்பி ஒரு படி மேலே போனது. அறையையே பெட்டியாக வார்த்து, ஜொகூரிலிருந்து லாரியில் கொண்டுவந்து, 40 மாடிக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இதற்கு நேரெதிர், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கற்றல் மையம் (2015). தாமஸ் ஹெதர்விக் வடிவமைத்த அதன் 61 தூண்களும் சாய்ந்து நிற்கின்றன. சுவர்க் கான்கிரீட்டில் எழுநூறு சித்திரங்கள் பதிந்திருக்கின்றன. பார்ப்பவர்களுக்கு டிம்சம் கூடைகள்தாம் நினைவுக்கு வருகின்றன.

முதுமை

கான்கிரீட்டுக்கும் வயதாகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே புகுந்து காரத்தன்மையைக் குறைக்க, கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலே உள்ள பூச்சையும் கான்கிரீட்டையும் உந்தித் தள்ளும். பழைய வீவக வீடுகளின் குளியலறைக் கூரையில் பாளம் பெயர்வது இதனால்தான். 2007இல் அறிவித்த இல்ல மேம்பாட்டுத் திட்டம் அதைச் சரிசெய்யும் பணியையும் ஏற்றது.

பெருங்கட்டடங்களின் விதி வெவ்வேறாகப் போனது. தேசிய விளையாட்டரங்கமும் பெர்ல் பேங்க்கும் இடிக்கப்பட்டன. ஜூரோங் நகர மண்டபம் 2015இல் தேசிய நினைவுச்சின்னமானது. கோல்டன் மைல் வளாகம் 2021 அக்டோபரில் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அரசிதழில் ஏறி, மறுஆண்டு 70 கோடி வெள்ளிக்கு விலைபோனது.

சிராங்கூன் சாலைப் பக்கம் 1989 ஜூலையில் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பழைய கடைவீடுகளைப் பழுதுபார்ப்பவர்கள் எதிர்கொள்வது தலைகீழான சிக்கல். இடைக்காலத்தில் யாரோ அப்பிய சிமெண்ட் பூச்சு செங்கல் சுவரின் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து, உப்புப் பூக்கச் செய்திருக்கும். அதைச் செதுக்கி எடுத்துவிட்டு, சுவர் மூச்சுவிடும்படி மறுபடி சுண்ணாம்பு பூசுகிறார்கள்.