அடியாத நாயும் படியும்: நாய்ப் பயிற்சியின் வரலாறு

‘அடியாத மாடு படியாது’ என்பது நம்மவர் வழக்கில் நெடுநாளாய் இருந்துவரும் பழமொழி. ஏர்மாட்டை நினைத்துச் சொல்லப்பட்ட இச்சொல்லை நாய்க்கும் பொருத்தினர். சில காலம் பள்ளிப் பிள்ளைக்கும் பொருத்தினர். பிள்ளையைப் பற்றிய வழக்கு கல்வியுலகில் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. நாயைப் பற்றிய வழக்கோ இன்றும் பல வீட்டு வாசல்களில் தீராமல் நிற்கிறது. மனிதன் நாய்க்குக் கட்டளை கற்பித்த வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அப்பழமொழி எவ்வளவு தூரம் செல்லும் என்பது விளங்கும்.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடையே, கேரித் தீவுக்குச் செல்லும் பாலத்துக்கு அணித்தாய் உள்ள தெலுக் பங்லிமா காராங்கை எடுத்துக்கொள்வோம். தோட்ட லயங்களில் நாய் கட்டின்றித் திரிந்தது. பால்மரக் காட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் எசமானனுடன் சென்று வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிற்சாலைகளும் வரிசை வீடுகளும் எழுந்த இடங்களில், அதே நாய் இரும்புக் கதவுக்குப் பின்னால் சங்கிலியில் நிற்கிறது. பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம் இருக்கலாம். நாயின் எச்சில் படுவது அவர்களுக்குச் சமய நெறிப்படி விலக்கு. எனவே, பாய்கின்ற நாயும் ஓயாமல் குரைக்கின்ற நாயும் ஒரு வீட்டுத் தொல்லையாக மட்டும் நில்லாமல் அண்டை அயலாரின் நல்லுறவையே கெடுத்துவிடும். திருத்த முடியாதென்று முடிவுகட்டி, நாயைத் தொலைவிற் கொண்டுபோய் விட்டுவருவாரும் உளர். அந்நாயின் உயிர் எசமானனுடைய கற்பிக்கும் திறமையைப் பொறுத்தே நிற்கிறது.

பண்டை நாள்

நாயைத் தமிழர் ஞமலி என்றும் ஞாளி என்றும் வழங்கினர். வேட்டுவர் நாயோடு காடு புகும் காட்சி சங்க நூல்களில் உண்டு. ஆயினும், நாயின் பெருமையை நேர்நின்று காட்டும் சான்று கல்லில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நடப்பட்ட நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கும் பூசலில் கருந்தேவகத்தி என்னும் வீரன் மாண்டான். கோவிவன் என்னும் அவனுடைய நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதென்று அக்கல் கூறுகிறது. கன்னட நாட்டு ஆதகூரில் 10-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த கல்லோ, காட்டுப் பன்றியோடு பொருது தானும் மாண்ட காளி என்னும் நாயைப் போற்றுகிறது. இவ்விரண்டு கல்லிலும் நாய்க்குப் பெயர் இருக்கிறது என்பதை நோக்குக. பெயரிட்டு அழைத்து, அதன் செயலைப் புகழ்ந்து பேசும் வழக்கம் இருந்தமையால்தான் கல்லிலும் அப்பெயர் ஏறியது.

மேலை நாட்டிலும் பண்டையோர் இதே வழியில் எண்ணியுள்ளனர். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வேட்டை பற்றி எழுதிய கிரேக்கராகிய செனபோன், எளிதாய்க் கூப்பிடத் தக்க சிறு பெயர்களையே நாய்க்கு இடவேண்டுமென்று கூறிப் பெயர்ப் பட்டியலும் தந்தார். உரோமை நாட்டு வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, பெயர் மிக நீளலாகாது, ஈரசைக்குக் குறையவும் ஆகாது என்றார்; விரைவில் செவிமடுப்பதற்கு அதுவே ஏற்றது என்பது அவர் கருத்து. கி.பி. 2-ஆம் நூற்றாண்டினரான ஆரியன் என்னும் கிரேக்க ஆசிரியர், நாய் நன்றாய் ஓடிய பின் அதனைப் பெயர் சொல்லித் தட்டிக்கொடுத்துப் புகழவேண்டுமென எழுதினார். ஆக, ‘பரிசு’ என்னும் கருத்து நேற்று முளைத்ததன்று.

காவல்துறையும் படைப்பள்ளியும்

நாய்ப் பயிற்சி ஒரு முறையான கல்வியாக உருவெடுத்தது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான். பெல்ஜியத்துக் கெண்ட் நகரக் காவல்துறை 1899-இல் நாய்ப்படை அமைத்தது. ஜெர்மனியில் கான்ராட் மோஸ்ட் என்பார் காவல் நாய்களைப் பழக்கி, 1910-இல் ஒரு நூல் எழுதினார். அந்நூலில் வன்கட்டாயம் மிகுதி என்பது உண்மை. எனினும் அவர் கண்ட உண்மை ஒன்று இன்றும் நிலைத்துள்ளது: நாய்க்கு நன்மை தீமை என்னும் அறநெறி தெரியாது, செயலும் அதன் விளைவும் அடுத்தடுத்து நிகழ்ந்தால் மட்டுமே அது கற்கும். காலையில் செருப்பைக் கடித்த நாயை மாலையில் அடிப்பது வீண் என்பதற்கு இதுவே அடிப்படை.

மறுபுறம் இங்கிலாந்தில், முதல் உலகப் போரின்போது, 1917-இல் ஷூபரினெஸ் என்னுமிடத்தில் படைநாய்ப் பள்ளி ஒன்று எழுந்தது. அதன் தலைவர் எட்வின் ரிச்சர்ட்சன். குண்டு விழும் களத்தில் செய்தி சுமந்து, தனியே, கண்காணிப்பாரின்றி ஓடவேண்டிய நாய்களை அவர் பழக்கினார். கூட ஓடி அடிப்பதற்கு ஆள் இல்லாத வேலை அது! நாய் விரும்பினாலொழிய நடவாது. ஆகவே அவர் அன்பையும் உணவையும் ஊக்கத்தையும் கருவியாகக் கொண்டார். அச்சத்தால் பழகிய நாய் அச்சம் தருபவன் கண்ணுக்கு எட்டும் வரையில்தான் பணியும். விருப்பத்தால் பழகியதோ அவன் இல்லாத இடத்திலும் பணியும். இவ்வேறுபாட்டைப் போர்க்களமே மெய்ப்பித்தது.

ஆய்வுக்கூடம் சொன்னது

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் பயின்றோர் தார்ண்டைக் என்னும் பெயரை அறிவர். கூண்டில் அடைபட்ட பூனைகளும் நாய்களும் தாழைத் திறந்து வெளிவரக் கற்பதைக் கண்டு, 1898-இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். இன்பம் தரும் செயல் வேரூன்றும், துன்பம் தரும் செயல் மறையும் என்பது அவர் முதலில் வகுத்த விதி. ஆனால் 1930-களில் அவரே அவ்விதியின் பிற்பாதியைத் திருத்திக்கொண்டார். பரிசு செயலை வலுப்படுத்துவது போல், தண்டனை செயலை நேராக அழித்துவிடுவதில்லை எனக் கண்டார். பிரம்பின் அரியாசனம் ஆட்டங்கண்டது அன்றுதான்.

1951-இல் ஸ்கின்னர் என்னும் உளவியலார், விலங்குகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று பொதுமக்களுக்காக ஒரு கட்டுரை வரைந்தார். ‘டிக்’ என்னும் சிறு ஒலியை உணவோடு சில முறை சேர்த்துப் பழக்கிவிட்டால், பின்பு நாய் சரியாகச் செய்த அந்த நொடியிலேயே அவ்வொலியால் ‘இதுதான் சரி’ என்று தெரிவிக்கலாம் என அவர் காட்டினார். காலந் தவறாமை என்னும் இடர்ப்பாடு இதனால் நீங்கியது. 1965-இல் ஸ்காட், புல்லர் ஆகிய இருவரும் வெளியிட்ட நூல், குட்டியின் 3-ஆம் வாரம் முதல் 12-ஆம் வாரம் வரையுள்ள காலமே மனிதரோடும் பிற உயிர்களோடும் அது பழகிக்கொள்ளும் பருவம் என்று விளக்கியது. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்னும் நம் பழமொழிக்கு இது ஆய்வுச் சான்றெனலாம்.

இடையில் ஒரு தவறான கொள்கையும் பரவிற்று. 1947-இல் ஷெங்கல் என்பார், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களின் பூசலைக் கண்டு எழுதியதிலிருந்து, நாயை அடக்கி ‘தலைவன் நானே’ என்று காட்டவேண்டும் என்னும் எண்ணம் வளர்ந்தது. காட்டில் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய் தந்தையும் பிள்ளைகளுமாகிய குடும்பமே என்று டேவிட் மெக் 1999-இல் எழுதி, தாமே முன்பு பரப்பிய கருத்தைத் திருத்தினார். 2004-இல் இங்கிலாந்தில் 364 நாய் வளர்ப்போரிடம் நடத்திய ஆய்வில், பரிசு முறையைக் கையாண்டோரின் நாய்கள் கூடுதலாகக் கீழ்ப்படிந்தன. தண்டனையைக் கையாண்டோரின் நாய்களிடமோ குறைகள் மிகுந்திருந்தன.

மலாயாக் காட்டில்

இக்கல்வி நம் நாட்டு மண்ணிலும் நடந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், மோப்பம் பிடிக்கும் நாய்களும் சுற்றுக்காவல் நாய்களும் காட்டுக்குள் சென்றன. சுற்றுக்காவல் நாய் குரைத்தால் உடன்வந்தோர் உயிருக்கே ஆபத்து. ஆதலால் பகைவன் வாடை வீசியதும் ஒலியெழுப்பாமல், உடலசைவால் மட்டும் குறிப்புக் காட்ட அது பழக்கப்பட்டது. குரைப்பது நாயின் இயல்பு, அதை மாற்ற முடியாது என்போர் இதனைச் சிந்திப்பாராக. 1949 முதல் 1952 வரை மலாயாவில் பணிசெய்த லக்கி என்னும் அல்சேசன் நாய்க்கு, விலங்குகளின் வீரத்துக்காகப் பிரிட்டனில் வழங்கப்பெறும் டிக்கின் பதக்கம், அது மறைந்து பல்லாண்டு கழித்து 2007-இல் அளிக்கப்பட்டது. ஜொகூர், கோத்தா திங்கியிலிருந்த காட்டுப்போர்ப் பள்ளிக்கு 1960-களில் அமெரிக்கப் படையினரும் வந்து, மோப்ப நாயோடு தடம் பற்றும் கலையைக் கற்றுச் சென்றனர்.

அதே காலத்தில் வேறொரு பாடமும் கிடைத்தது. 1952-இல் கோலாலம்பூரில் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது, கட்டாயத் தடுப்பூசி போடப்பட்டது. கட்டின்றித் திரிந்த நாய்கள் ஒழிக்கப்பட்டன. உடையவன் கைக்குள் அடங்கி நின்ற நாய் ஊசி பெற்றுப் பிழைத்தது. அழைத்தால் வராத நாய் தெருநாயோடு சேர்ந்து மடிய நேர்ந்தது. கீழ்ப்படிதல் என்பது நாய்க்கு உயிர்க்காப்பு என்பதை இதனினும் தெளிவாகச் சொல்லவேண்டுவதில்லை.

2007-இல் லக்கி, ஃப்ளோ என்னும் இரு லாப்ரடார் நாய்கள் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, திருட்டுப் படத்தட்டுகளை மோப்பத்தால் கண்டுபிடித்தன. அவை தட்டைத்தான் கண்டன. எது திருட்டு, எது உரிமையுடையது என்று பகுத்தறிவது அதிகாரிகளின் வேலையாயிற்று. கற்பித்ததை மட்டுமே நாய் அறியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அன்றாடக் குறைகளுக்கு வரலாறு தரும் விடை

முதலாவது, அழைத்தால் வராமை. பெரும்பாலும் நாயை அழைப்பது சங்கிலியில் கட்டவோ திட்டவோதான். வந்தால் துன்பம் என்று கற்றுக்கொண்ட நாய் ஏன் வரும்? வருந்தோறும் ஒரு வாய் உணவோ தட்டிக்கொடுத்தலோ கிடைக்கவேண்டும். தாமதமாய் வந்தாலும் அடித்தல் கூடாது. நன்கு பழகும்வரை நீண்ட கயிற்றில் விட்டு அழைத்துப் பழக்குவது நலம்.

இரண்டாவது, ஒரே வீட்டில் பல கட்டளை. தாத்தா ‘வா’ என்கிறார், பேரன் ‘கம்’ என்கிறான், பக்கத்து அண்ணன் ‘மாரி’ என்கிறார். மூன்று மொழி நமக்குப் பெருமை, நாய்க்குக் குழப்பம். வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைக் கொள்க.

மூன்றாவது, வீட்டில் கேட்கும், வெளியே கேட்காது என்னும் குறை. 1907-இல் ஜெர்மனியில், கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்னும் குதிரையை ஆராய்ந்த ஃபுங்ஸ்ட், அது கணக்கை அறியவில்லை, கேட்பவரின் நுண்ணிய தலையசைவையே அறிந்தது என்று கண்டார். நாயும் அவ்வாறே, ‘உட்கார்’ என்னும் சொல்லோடு சமையற்கட்டையும் உங்கள் கையிலுள்ள ரொட்டியையும் சேர்த்தே அது கற்றிருக்கும். ஆகவே அதே பாடத்தை வாசலில், தெருவில், கடையோரத்தில் என்று எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாய் நடத்தவேண்டும்.

நான்காவது, வாரை இழுத்து ஓடுதல், ஆள்மேல் பாய்தல். இழுத்தால் முன்னே போகலாம், பாய்ந்தால் கொஞ்சுவார்கள் என்பதே அது கற்ற பாடம். வார் இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கவனியுங்கள்.

ஐந்தாவது, ஓயாத குரைப்பு. நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய்க்குக் குரைப்பைத் தவிர வேறு தொழில் இல்லை. காலை மாலை நடையும், ஆளோடு பழக்கமும் தந்தால் பாதிக் குரைப்பு அடங்கும். உறுமுவதை மட்டும் அடித்து அடக்கலாகாது. உறுமல் என்பது எச்சரிக்கை. அதனை இழந்த நாய் எச்சரிக்காமலே கடிக்கும். கடிக்கத் துணிந்த நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை, நோவும் நோயும் அதற்குக் காரணமாகலாம்.

மலேசியாவில் 2015-இல் இயற்றப்பட்ட விலங்குநலச் சட்டம், விலங்கை வதைப்போருக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை தண்டமும் சிறையும் விதிக்க இடந்தருகிறது. சட்டத்துக்கு அஞ்சி அடியாதிருத்தல் ஒரு படி. அடியின் பயனின்மையை அறிந்து அடியாதிருத்தல் அதனினும் உயர்ந்த படி. எடத்தனூர்க் கோவிவன் கள்வரை எதிர்த்து நின்றபோது, அவனுக்குக் கட்டளையிட எசமானன் உயிரோடில்லை. பிரம்பும் அங்கில்லை. ஆயினும் காவல் நின்றது. கல்லும் அதைச் சொல்லி நிற்கிறது. நாயைத் திருத்த முயல்வோர் முதலில் தம் கையையும், தம் சொல்லையும், தம் பொறுமையையும் திருத்திக்கொள்வாராயின், எஞ்சியதை நாயே கற்றுக்கொள்ளும்.