பண் என்னும் சொல்

பண் என்னும் பெயர் பண்ணுதல் என்னும் வினையொடு தொடர்புடைத்து என்பது உரையாசிரியர்க்கும் உடன்பாடே. ஆயின், பண்ணப்படுவது யாது?

அடியார்க்குநல்லார் அரங்கேற்றுகாதை உரையில் காட்டும் பழஞ்செய்யுள், நெஞ்சு, மிடறு முதலிய எட்டிடத்தும் பிறக்கும் ஒலியை எடுத்தல், படுத்தல் முதலிய எண்வகைத் தொழிலாற் பண்ணுதலின் பண்ணாயிற்று என்னும். இது மிடற்றுப் பாடலைக் கருதிய விளக்கம், அழகியதே. எனினும், சொல்லின் பிறப்பை யாழிடத்துத் தேடுதலே தக்கதென்பது எம் கருத்து.

சங்கச் செய்யுட்களில் தேரையும் களிற்றையும் வினைக்கு அணியமாக்குதல் பண்ணுதல் எனப்படும். யாழுக்கும் அவ்வாறே. கானல்வரித் தொடக்கத்தில் மாதவி யாழில் நிகழ்த்தும் எண்வகைத் தொழிலுள் முதலாவது பண்ணல். பாடக் கருதிய பண்ணுக்குரிய நரம்புகளை அளவறிந்து வீக்குதல் என்பது அதற்குப் பழையவுரை. நரம்பைத் தடவி இசைத்தலெல்லாம் அதன் பின்னரே. இம்முறைவைப்பு வாளா அமைந்ததன்று. இக்கால வீணையில் மெட்டுக்களை அழுத்தி ஒரு தந்தியிற் பல சுரம் பெறலாம். வில்லுருவான பழைய யாழிலோ நரம்புதோறும் ஓரொலியே. நரம்புகளை முன்னரே இசைகூட்டி நிறுத்தினாலன்றிப் பண் பிறவாது. அங்ஙனம் பண்ணி நிறுத்திய நரம்படைவே முதற்கண் பண் எனப்பட்டு, பின்னர் அதனின்றெழும் இசைக்கும் பெயராயிற்று எனல் வேண்டும்.

தொல்காப்பியக் கருப்பொருட் சூத்திரம் யாழ் என்றே கூற, உரையாளர் அதற்குக் குறிஞ்சி, சாதாரி, செவ்வழி எனப் பண்களை எண்ணிச் சென்றனர். கருவியின் பெயரே பண்ணுக்கும் பெயராய் வழங்கிய காலம் ஒன்றிருந்தது.