பனந்தோப்பும் பழங்கோட்டையும் நினைவுக்கல்லும்

பிரான்சு தேசத்தின் வடகிழக்கே சம்பேன் என்றொரு நாட்டுப்புறம் உண்டு. அங்கே செல்வோர் முதலிற் காண்பது திராட்சைத் தோட்டங்களை. அடுத்து, அரசர் பலர் முடிசூடிய றீம்ஸ் போன்ற பழநகரங்களை. அதன்பின், விரும்பினும் விரும்பாவிடினும், கல்லறைகளை. 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே றீம்ஸ் நகரப் பேராலயத்தின்மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. ஊர்மக்கள் மது அடுக்கிவைக்கும் நிலவறைகளுட் புகுந்து உயிர் பிழைத்தனர். அதற்குக் கிழக்கே வெர்டன் என்னுமிடத்தில் 1916ஆம் ஆண்டு நடந்த போரில் மாண்டு, இன்னாரென அறியவொண்ணாத ஏறத்தாழ 1,30,000 போர்வீரரின் எலும்புகள் ஒரே மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் எலும்பும் செருமானியர் எலும்பும் அங்கே கலந்து கிடக்கின்றன.

யான் அந்நாட்டைக் கண்டவனல்லேன். புத்தகத்திற் படித்ததையே கூறினேன். ஆயினும் மண்டைதீவிற் பிறந்தவனாகையால், ஆண்டுதோறும் மாணவரை அழைத்துக்கொண்டு எங்கள் தீவுகளைச் சுற்றிவரும்போதெல்லாம் அப்புத்தகம் நினைவுக்கு வருகின்றது. எங்களுக்குத் திராட்சைக்கொடி இல்லை, பனை உண்டு. மதுவறை இல்லை, சீவல் தொழிலாளர் மரத்தில் கட்டிய முட்டி உண்டு. திராட்சை மது நிலவறையிற் கிடக்கக் கிடக்க விலையேறும். பனங்கள்ளோ காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துவிடும். முட்டியிற் சுண்ணாம்பு தடவினாற் கருப்பநீராக நிற்கும். அதைக் காய்ச்சினாற் பனங்கட்டியாகும். ஆகவே எங்கள் பனையின் செல்வம் அக்காலத்தில் மதுவாகக் கடல் கடந்தது அரிது. ஒல்லாந்தர் காலத்திலே கப்பலேறிச் சென்றது பனஞ்சாறு அன்று, பனைமரம். வீடு கட்டும் வளையாகவும் சலாகையாகவும் பிறதேசங்களுக்கு ஏற்றுமதியாயிற்று. ஒடியலும் பினாட்டும் ஏழைகளைப் பஞ்சத்திற் காத்தமையை எங்கள் பாட்டிமார் சொல்ல நேயர்களும் கேட்டிருப்பீர்கள்.

பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணை வழியாக ஊர்காவற்றுறையை அடைந்தால், கடலின் நடுவே ஹம்மன்ஹீல் கோட்டை தோன்றும். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டையை ஒல்லாந்தர் திருத்தி, பன்றித் தொடையின் குதி என்று பொருள்படும் அப்பெயரை இட்டனர். இலங்கைத் தீவின் வடிவம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடை போலத் தோன்றியதாம். எங்கள் முன்னோர் அதனை ஒருபோதும் அப்படிக் கண்டிருக்கமாட்டார்கள்! 1658ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே ஒல்லாந்தர் அக்கோட்டையை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த போர்த்துக்கேயர் சுற்றிலும் கடல்நீர் அலையடிக்கக் குடிநீர் இன்றிச் சரணடைந்தனர். சூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது. தீவுப்பகுதியில் நன்னீர்க் கிணறு என்பது எத்துணைப் பெரிய பொருள் என்பதனை இக்கதையைக் கொண்டே மாணவருக்கு விளக்குவேன். இன்று அக்கோட்டை கடற்படையினரின் பொறுப்பில் உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக விளங்குகின்றது.

ஆனால் ஊர்காவற்றுறையின் பெருமை பறங்கியரோடு தொடங்கியதன்று. நயினாதீவிலே தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். பரதேசி வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்க்குக் காவல் அளிக்கப்படவேண்டும் என்பது ஆணையின் முதற்பகுதி. கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பதே அதனிலும் சுவையானது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடையின் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கலம் உடையின் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. கரையொதுங்கிய பொருளெல்லாம் கரைக்கு உரியவனுக்கே என்று அள்ளிக்கொண்ட தேசங்கள் பல இருந்த காலம் அது. சிங்கள மன்னன் ஒருவன் தமிழ்மொழியிற் கல்லிற் பொறித்து, அந்நிய வணிகனின் நட்டத்திற்கு வரம்பு கட்டினான். இக்கல்வெட்டை வாசித்துக்காட்டும்போது மாணவர் எப்பொழுதும் அமைதியாகிவிடுவர். யான் வற்புறுத்திச் சொல்லவேண்டிய பொருள் அதில் எதுவும் இல்லை.

சோழநாட்டிலும் இத்துறையின் பெயர் அறியப்பட்டிருந்தது. இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுச் சாசனம், பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களிற் படையும் கலமும் திரட்டியமையைக் கூறும். வணிகருக்குக் காவல் தந்த துறையே போருக்கும் கலம் தந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

நெடுந்தீவைப் பற்றி ஒரு நாள் முழுவதும் பேசலாம். ஒல்லாந்தர் அதற்குத் தம் ஊரின் பெயராகிய டெல்வ்ற் என்பதனை இட்டனர். முருகைக்கல்லை அடுக்கிய வேலிகள், பெருக்குமரம், இடிந்த கோட்டை, மட்டக்குதிரைகள் எல்லாம் அங்கே உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி அங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். இன்று அக்குதிரைகள் வெம்பரப்பிலே உரியவர் இன்றித் திரிகின்றன. கோடையில் அவை நீருக்கு அலைவதைக் காணச் சகியாது.

அத்தீவின் இறங்குதுறைக்கு அருகே நினைவுத்தூபி ஒன்று இருக்கின்றது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானை நோக்கிச் சென்ற குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டு, அதிற் பயணஞ் செய்த பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அக்காலத்தில் யான் பள்ளி மாணவன். மறு ஆண்டு சூன் 10ஆந் திகதி எங்கள் மண்டைதீவுக் கடலிலே, வலைவீசச் சென்ற குருநகர்க் கடற்றொழிலாளர் முப்பது பேருக்கு மேல் மாண்டனர். வேலணைத் தீவின் வடகரையில் அராலித்துறையிலே வேறொரு நினைவுச்சின்னம் நிற்கின்றது. 1992ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 8ஆந் திகதி கண்ணிவெடியிற் பலியான படைத்தளபதி டென்சில் கொப்பேகடுவைக்கும் உடன் இறந்த அதிகாரிகளுக்கும் எழுப்பப்பட்டது அது. அங்கேயும் மாணவரை நிறுத்துவேன். சிலருடைய பெற்றோருக்கு அது பிடிப்பதில்லை. பேருந்தை நிறுத்தாமற் செல்லலாமே என்று ஒரு தந்தையார் என்னிடம் நேரிலே கேட்டார். அவருடைய வீட்டின் இழப்பை அறிந்தவனாகையால் எதிர்வாதம் புரியவில்லை. ஆயினும் அடுத்த ஆண்டும் நிறுத்தினேன். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் வழியிலிருக்கும் ஒரு கல்லைக் காட்டி, மற்றொரு கல்லைக் காணாததுபோலக் கடந்து செல்ல முடியாது.

சுற்றுலாவை மண்டைதீவிலே முடிப்பது எங்கள் வழக்கம். 1990ஆம் ஆண்டு ஆகத்து மாதத்து இராணுவ நடவடிக்கையின்போது எங்கள் ஊரார் தீவைவிட்டுப் பெயர்ந்தனர். பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் திரும்பவில்லை. சென்றமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, நெடுந்தீவுத் தூபியிலே பெயர்களைக் குறித்தோம், இங்கே எதைப் பார்த்துக் குறிப்பது?" என்று கேட்டாள். கண்ணகை அம்மன் கோயில் வீதியில் இருந்த ஒரு மூதாட்டியாரிடம் அவளை அழைத்துச் சென்றேன். அவர் ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாக நினைத்துப் பெயர் சொன்னார்; தகப்பன் பெயரும் வயதும் தொழிலும் சொன்னார். பிள்ளைகள் நிலத்திலிருந்து எழுதினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, சாரதி இருமுறை ஒலி எழுப்பினார். மூன்றாவது ஒழுங்கை முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லி விடைபெற்றோம். அவர், "காலமை வாருங்கோ பிள்ளையள், வெய்யிலேற முன்னம்" என்றார்.