மேசைக் கணினியின் தொடக்க நேரம்

பவர் பட்டனை அமுக்கியதிலிருந்து, வேலைக்கு வேண்டிய மென்பொருள் தட்டச்சுக்குப் பதில் சொல்லும்வரை ஆகும் நேரமே கணினியின் தொடக்க நேரம். முகப்புத் திரை வந்துவிட்டாலே கணினி தயார் என்று பலரும் கணக்கிடுகிறார்கள். முகப்பு வந்த பிறகும் சுட்டி வட்டமடித்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நிமிடமும் இதில்தான் சேரும்.

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கு வடக்கே உள்ள மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கும், அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கும் பேர்போனது. வட்டத் தலைமையூரும் அதுவே. இத்தகைய ஊர்களில் வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா நகல் என்று வருகிறவர்கள் இ-சேவை மையத்தையோ ஜெராக்ஸ் கடையையோ நம்பியிருக்கிறார்கள். பெருநிறுவனங்கள் கழித்துக்கட்டிய கணினிகளை வாங்கித் துடைத்துப் பயன்படுத்தும் கடைகளும் இவற்றில் உண்டு. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வாசலில் ஆள் நிற்கும்போதுதான் தொடக்க நேரம் கண்ணில் படுகிறது.

மின்சாரம் ஏறியதும் மதர்போர்டில் உள்ள பயாஸ், புதிய கணினியானால் யூ.இ.எஃப்.ஐ., முதலில் ராமையும் விசைப்பலகையையும் வட்டையும் சோதிக்கிறது. பிறகு இயங்குதளத்தின் கரு நினைவகத்துக்கு வருகிறது. கரு எழுந்ததும் வலை, ஒலி, அச்சு என ஏராளமான சேவைகள் கிளம்புகின்றன. பயனர் கடவுச்சொல் கொடுத்ததும் தானாகத் திறக்கும் மென்பொருள்கள் கடைசியாக வந்து சேர்கின்றன.

இத்தனையிலும் நேரத்தை அதிகம் விழுங்குவது ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லிநொடி ஆகும். வேண்டிய இடம் படிப்பு முனைக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி, அதாவது சுமார் 4 மில்லிநொடி போகிறது. முனை நகர்ந்து சேர இன்னும் 9 மில்லிநொடி அளவு. ஆக, தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சின்னஞ்சிறு கோப்புகளை நொடிக்கு 75 அல்லது 80 தடவைதான் எட்டிப்பிடிக்க முடியும். கணினி தொடங்கும்போது படிக்கப்படுபவை பெரும்பாலும் இப்படிச் சிதறிய கோப்புகளே. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் அதே எட்டிப்பிடிப்புக்கு 0.1 மில்லிநொடிகூட ஆவது அரிது. பழைய சேட்டா இணைப்பிலேயே இந்தப் பலன் கிடைத்துவிடும். வேகத்துக்காகக் கூடுதல் ராம் வாங்கப் போகிறவர், கணினியில் இருப்பது ஹார்டு டிஸ்க்கா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

தொடக்க நேரத்தை நொடிக் கணக்கில் பங்குபோட்டுக் காட்டியவர்கள் இன்டெல் பொறியாளர்களான அர்யான் வான் டி வென், ஆக்கே கோக் இருவரும். 2008இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்த லினக்ஸ் மாநாட்டில், சாதாரண ஈ பிசி மடிக்கணினி ஒன்றை 5 நொடியில் தொடங்கவைத்தார்கள். கருவுக்கு 1 நொடி, தொடக்கச் சேவைகளுக்கு 1 நொடி, வரைகலைக்கு 1 நொடி, மேசைத்தளத்துக்கு 2 நொடி என்று முதலில் வரம்பு கட்டிவிட்டு, அதை மீறியவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். அந்த மடிக்கணினியில் இருந்ததும் எஸ்.எஸ்.டி.தான் என்பதை மறக்கக்கூடாது. 2010இல் லினக்ஸுக்கு வந்த சிஸ்டம்டி என்ற மென்பொருள், சேவைகளை வரிசையில் நிறுத்தாமல் ஒரேசமயத்தில் கிளப்பியது. எந்தச் சேவை எத்தனை நொடி எடுத்தது என்று பட்டியல் போடும் கட்டளையும் அதில் உண்டு.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்த சமயத்தில், பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. பாஸ், டெபியனை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸோடு அது சேர்ந்து வந்தது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினி, எதைத் திறப்பது என்று கேட்டுக் காத்து நிற்கும். டெபியன் வழக்கப்படி அந்தக் காத்திருப்பு 5 நொடி. அமைப்புக் கோப்பில் 5ஐ அழித்து 1 போட்டு, பட்டியலைப் புதுப்பித்தால் 4 நொடி மிச்சம். காசில்லாமல் கிடைக்கும் நொடிகள் இவை.

விண்டோஸ் 8, 2012இல் வேறொரு வழி கண்டது. ஷட் டவுன் கொடுத்தால் கருவின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு, மறுநாள் அதை அப்படியே மீட்டெடுக்கிறது. ஆகவே விண்டோஸ் 8 முதல், முழுமையான புதுத்தொடக்கம் வேண்டுமானால் ரீஸ்டார்ட்தான் கொடுக்கவேண்டும். அச்சுப்பொறி முரண்டு பிடிக்கும்போது கணினியை அணைத்துப் போட்டும் சரியாகாமல், ரீஸ்டார்ட்டில் சரியாகிவிடுவதற்கு இது ஒரு காரணம். அதே பதிப்பில்தான் டாஸ்க் மேனேஜருக்குள் ஸ்டார்ட்அப் பகுதி வந்தது. செயலியில் 1 நொடிக்கு மேலோ, வட்டில் 3 எம்.பி.க்கு மேலோ எடுத்துக்கொள்ளும் மென்பொருளுக்கு எதிரே 'ஹை' என்று காட்டும். அரட்டை மென்பொருள், அச்சுப்பொறி உதவியாளர், பாட்டு மென்பொருள் போன்றவற்றை அங்கே முடக்கினால் தவறில்லை. ஆன்டிவைரஸில் கைவைக்க வேண்டாம்.

காணொளிகளில் சுற்றும் வைத்தியங்களில் பாதி வெறும் பேச்சு. விண்டோஸின் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் செயலிகளின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்வார்கள். அந்தக் கட்டத்தைத் தொடாவிட்டாலும் விண்டோஸ் எல்லாக் கோர்களையும் பயன்படுத்தும். தொடக்கத்தை விரைவாக்க விண்டோஸ் வைத்திருக்கும் ப்ரீஃபெட்ச் கோப்புறையை அழித்தால் அடுத்த சில தொடக்கங்கள் மெதுவாகத்தான் ஆகும்.

சிற்றூர்க் கடைகளில் ஹார்டு டிஸ்க்குக்கு அடுத்த பகை மின்சாரம். 2012இல் சென்னைக்கு வெளியே நாளின் பாதிவரை மின்வெட்டு நீடித்த காலத்தில், யூ.பி.எஸ். இல்லாத கணினி பாதி எழுத்தில் அணையும். அடுத்த முறை அது வட்டைச் சரிபார்க்கத் தொடங்கிவிடும், பெரிய ஹார்டு டிஸ்க் என்றால் காலை வியாபாரமே போய்விடும். இதற்கு நேர்மாறான பழக்கம், இரவில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது. செருகியிருக்கும்வரை மதர்போர்டின் கடிகாரம் மின்சாரத்தில் ஓடும், அணைத்தால் சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பேட்டரிதான் அதைத் தாங்கும். பேட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டு பின்னே போய்விடும், எஃப் 1 அழுத்தச் சொல்லித் திரை நின்றுவிடும். அழுத்தினாலும், தேதி பொருந்தாததால் அரசு இணையதளத்தை பிரவுசர் திறக்க மறுக்கும். கணினி பழசாகிவிட்டது என்று முடிவுகட்டுமுன் பார்க்கவேண்டிய இந்த பேட்டரி, கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையிலேயே கிடைக்கும்.